நீர் வடியும் கண்ணிலும் வறட்சி

கெமாஸ் தோட்டமொன்றில் பால்வெட்டி ஓய்ந்த என் தாயாருக்கு, 2015 புகைமூட்டத்தின்போது கண் உறுத்தி நீர் வடிந்தது. மருத்துவர் கண் வறட்சி என்றதும், "நீர் கொட்டுற கண்ணு வறண்டிருக்காய்யா?" என்று சிரித்தார்.

ஆம் அன்பர்களே! இமையோரச் சுரப்பிகளின் எண்ணெய் குறைந்தால் கண்ணீர்ப் படலம் விரைவில் உலரும். அந்த எரிச்சலே நீரை வடியச் செய்கிறது.

அதற்குமுன் சிவப்பு நீக்கும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டிருந்தோம். சிவப்பு மீண்டும் மீண்டும் வந்ததே மிச்சம். (ஸ்டீராய்டு கலந்ததானால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வைக்கே ஆபத்து.) பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூடு பொறுக்குமளவில், மூடிய இமைமேல் தினமும் பத்து நிமிடம் வைத்தோம், செயற்கைக் கண்ணீரும் விட்டோம். சில வாரங்களில் உறுத்தல் தணிந்தது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடவேண்டாம். ஹோமப் புகைக்குச் சற்று விலகி அமர்வதில் குற்றமில்லை. வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றே கிளினிக் கெசிஹாத்தான் சென்று, கண் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.