பல் அச்சும் தொற்றுநீக்கலும்

மாணவர்களே, செயற்கைப் பல் செய்வதற்காக வாயில் அல்ஜினேற்றுப் பசையைப் பதித்துப் பல் அச்சு எடுக்கப்படும். அதில் உமிழ்நீரும் சிலவேளை குருதியும் ஒட்டியிருக்கும். குருதியிலுள்ள ஈரலழற்சி பீ வைரசு உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடியது. நோயாளியைக் கண்டிராத ஆய்வுகூடப் பணியாளருக்கும் அது தொற்றலாம்.

வினா: அச்சை நீரில் கழுவி அனுப்பினால் போதுமா?
விடை: போதாது. கழுவுதல் அழுக்கை அகற்றும், நுண்ணங்கிகளை அழிக்காது. எனினும் முதலில் கழுவுதல் வேண்டும். குருதி எஞ்சியிருப்பின் தொற்றுநீக்கியின் தாக்கம் குறையும்.

வினா: கொதிநீரில் இடலாமா?
விடை: கூடாது. அச்சு உருமாறும். 0.5% சோடியம் ஐப்போகுளோறைற்றுக் கரைசலில் சுமார் 10 நிமிடம் தொற்றுநீக்கலாம். நீண்டநேரம் ஊறவிட்டால் அல்ஜினேற்று நீரை உறிஞ்சி வீங்கும். செய்யப்படும் பல் பொருந்தாது.

நினைவிற் கொள்க: கழுவுதல், தொற்றுநீக்கல், மீண்டும் கழுவுதல். இவ்வொழுங்கு மாறினால் விடையும் பிழை, பாதுகாப்பும் பிழை.