கத்திரி வெயிலும் கர்ப்பிணியும்



நம் திருத்தணியில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. வயிற்றில் பிள்ளையோடு அந்த வெயிலில் களை எடுப்பதும் செங்கல் அறுப்பதும் ஆபத்து.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். ஆய்வு 2017ல் தொடங்கி 2024ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஏன்? வியர்வையில் உடம்பு நீர் வற்றுகிறது. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடுகிறது. கருப்பைக்குப் போவது குறையலாம்.

“இன்னும் ரெண்டு பாத்திதானேங்க, முடிச்சுட்டு வர்றேன்” என்பாள் மனைவி. “நான் பார்த்துக்கிறேன், நீ நிழலுக்கு வா” என்று கணவர் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. பகல் 12 முதல் 3 மணி வரை வெயில் வேலை வேண்டாம்.
2. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர், நீர்மோர், கூழ் குடிக்கவும்.
3. மலைப்படி 365ம் ஏறும் வேண்டுதலைப் பிரசவத்துக்குப் பின் செலுத்தலாம். முருகன் கோபிக்க மாட்டான்.
4. மயக்கம், அடிவயிற்று வலி, உதிரப்போக்கு, பிள்ளை அசைவு குறைவு இருந்தால் உடனே 108க்குப் போன் செய்யவும்.

கரு கலைந்துவிட்டால் மனைவியைப் பழிக்காதீர். குற்றம் அவளுடையதல்ல.

கூலி நாளையும் கிடைக்கும். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்!