வண்டி ஏன் உதறுகிறது?

கோலார் தங்கவயல் மக்களுக்கு அதிர்வு புதிது அல்ல. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும். மேலே லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனது. அந்த ஆழத்தில் பாறையின் மேல் பாரம் மிக அதிகம். பாரம் தாங்காத பாறை வெடித்தது. பூமி அதிர்ந்தால் கீழே ஏதோ நடந்திருக்கிறது என்று வீட்டில் இருந்த பெண்களுக்குத் தெரியும். சும்மா அதிராது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பலர் ரயில் ஏறிப் பெங்களூர் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சிலர் வேன், ஆட்டோ, டெம்போ ஓட்டுகிறார்கள். வண்டி நின்றால் அன்றைய கூலி நின்றுவிடும். அதனால் இந்தப் பாடம் வண்டியின் அதிர்வைப் பற்றியது. இன்ஜினும் சும்மா உதறாது.

ஒரு பட்டறையில் வேன் ஓட்டுநரும் மேஸ்திரியும் பேசுகிறார்கள்.

“மேஸ்திரி அண்ணா, ரெண்டு நாளா வண்டி உதறுது. ஸ்டியரிங்ல கை வைக்க முடியலை.”

“எப்போ உதறுது தம்பி? நிக்கும்போதா, ஓடும்போதா?”

“நிக்கும்போதும் உதறுது. ரேஸ் கொடுத்தா ஜாஸ்தியாகுது.”

“அப்போ சக்கரத்தைப் பார்க்க வேண்டாம். இன்ஜினைத்தான் பார்க்கணும்.”

மேஸ்திரி கேட்ட கேள்விதான் முதல் சோதனை. வண்டி ஓடும்போது மட்டும் உதறினால் டயர், சக்கரம், பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிற்கும்போதே உதறினால் கோளாறு இன்ஜினில் இருக்கலாம். கிளட்ச்சை மிதித்ததும் உதறல் மாறுகிறதா? அப்படியானால் கிளட்ச்சையும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்கள். இவற்றை மவுண்டிங் என்பார்கள். ரப்பர் கிழிந்தாலும் எண்ணெயில் ஊறிப் போனாலும் இன்ஜினின் ஆட்டம் முழுவதும் வண்டிக்கு வரும். இது கண்ணால் பார்த்தே தெரியும். செலவும் குறைவு. எனவே இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிறகு சிலிண்டர்கள். நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் இன்ஜின் நொண்டி நொண்டி ஓடும். பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். காமன் ரெயில் என்ற புது வகை டீசல் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் டீசல் 1,000 பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் இருக்கும். பீறிடும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிப் போகலாம். அப்படி ஆனால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இன்ஜினின் முன்பக்கம் வாருங்கள். அங்கே ஒரு புல்லி இருக்கிறது. பெல்ட் அதன் மேல்தான் ஓடுகிறது. அந்தப் புல்லி கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் மாட்டியிருக்கும்.

கிராங்க் ஷாஃப்ட் எதற்கு? பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஓர் அடி விழுகிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு 2 அடி. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் 3,000 அடி. அதாவது நொடிக்கு 50 அடி. ஒவ்வொரு அடிக்கும் ஷாஃப்ட், ஈரத்துணியைப் பிழிவது போல, மிகச் சிறிதளவு முறுக்கிக்கொள்கிறது. உடனே திரும்புகிறது. இரும்புதானே, என்ன ஆகும் என்று நினைக்கலாம். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் முறிகிறது அல்லவா? அதுபோலத்தான்.

இந்த முறுக்கலைத் தணிக்கப் பல இன்ஜின்களில் புல்லியையே இரண்டு பாகமாகச் செய்கிறார்கள். நடுவில் குடம். வெளியே கனமான வளையம். இரண்டுக்கும் இடையில் ரப்பர். அந்த ரப்பர் அடியை வாங்கிக்கொள்கிறது. வருடக்கணக்கில் சூடும் எண்ணெயும் பட்டால் ரப்பர் வெடித்துப் பிதுங்கும். பிறகு வெளி வளையம் வழுக்கும், கோணலாக ஆடும். பெல்ட் கீச்சிடும், ஓரம் தேயும்.

மேஸ்திரி ஓட்டுநருக்கு ஒரு எளிய சோதனை காட்டினார். இன்ஜினை நிறுத்தி, புல்லியைத் துடைத்தார். குடத்திலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளைப் பெயிண்டால் நேராக ஒரு கோடு போட்டார். காய்ந்ததும் சில நிமிடம் ஓட்டி நிறுத்தினார். கோடு இரண்டாக விலகியிருந்தது.

“பார்த்தியா தம்பி? வளையம் தனியா நழுவுது. ரப்பர் போயிடுச்சு.”

“இன்னும் ஒரு மாசம் ஓட்டலாமா அண்ணா?”

“ஓட்டாதே. பெல்ட் கழன்டா தண்ணி பம்ப் நிக்கும். இன்ஜின் கொதிச்சுடும். உன் வண்டியில பிரேக்குக்கு உதவற வேக்கம் பம்ப் டைனமோவோட பின்னாடி இருக்கு. பெல்ட் போனா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.”

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. பலமனேர் தாண்டிச் சித்தூர் பக்கம் இறங்கும் மொகிலி கணவாயில் அவர் அடிக்கடி ஆட்களை ஏற்றிப் போகிறவர்.

கோடு விலகாமல் புல்லி மட்டும் ஆடினால் நடு போல்ட் தளர்ந்திருக்கலாம். பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் டைனமோ, தண்ணீர் பம்ப், விசிறி ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கலாம்.

புல்லி மாற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். இன்ஜின் ஆறட்டும். டைனமோவைத் தளர்த்தினால் பெல்ட் கழன்று வரும். நடு போல்ட் மிகவும் இறுக்கமாக இருக்கும். வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்தால் ஷாஃப்ட் சுற்றாது. சிலர் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, ஸ்டார்ட்டர் கொடுத்துக் கழற்றுகிறார்கள். ஸ்பேனர் பறந்து வந்து கையையும் முகத்தையும் உடைக்கும். நேரம் மிச்சம் என்று சொல்வதெல்லாம் வீண் வீரம்.

போல்ட் வந்ததும் புல்லரை நடுக் குடத்தில் மாட்டி இழுக்க வேண்டும். வெளி வளையத்தில் மாட்டினால் ரப்பர் பிய்ந்துவிடும். சுத்தியல் வேண்டாம். சுத்தியல் அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே இருக்கும் பேரிங் வரை போகும்.

புல்லி வந்த இடத்தில் ஆயில் சீல் கசிகிறதா பாருங்கள். கசிந்தால் இப்போதே மாற்றுங்கள். இன்னொரு முறை இவ்வளவும் கழற்ற வேண்டாம். ஷாஃப்ட்டில் ‘கீ’ என்ற சிறு இரும்புத் துண்டு இருந்தால் அது தேய்ந்திருக்கக் கூடாது. சில இன்ஜின்களில் கீ கிடையாது. போல்ட்டின் இறுக்கமே டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்திருக்கும். அதில் தெரியாமல் கை வைத்தால் டைமிங் மாறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எனவே வண்டியின் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும்.

புதுப் புல்லி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். அதில் பொறித்துள்ள எண்ணைப் படித்து, புதியதின் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொன்னாலும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வேறு பொருளாக இருக்கலாம்.

மாட்டும்போது சீல் உட்காரும் இடத்தில் சிறிது எண்ணெய் தடவி, கீயைப் பள்ளத்தில் பொருத்தித் தள்ளுங்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் ‘நியூட்டன் மீட்டர்’ என்ற அளவில் போட்டிருக்கும். டார்க் ரெஞ்சில் அந்த எண்ணை வைத்து இறுக்க வேண்டும். சில போல்ட்டுகளை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அதற்கும் புத்தகம் பாருங்கள். பெல்ட்டைப் போட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எங்கும் தட்டாவிட்டால் பேட்டரி வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

அன்று மதியம் வேன் பட்டறையை விட்டுக் கிளம்பியது. “ரெண்டு நாள் கழிச்சு வா தம்பி, பெல்ட் இழுவை பார்க்கணும்” என்றார் மேஸ்திரி.

பயிற்சி

1. வண்டி ஓடும்போது மட்டும் உதறினால் எதை முதலில் பார்ப்பீர்கள்?

2. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடுகிறது. நொடிக்கு எத்தனை அடி விழும்?

3. உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள ஒரு வண்டியின் பெல்ட்டில் எழுதியுள்ள எண்ணைப் படித்து நோட்டில் எழுதுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் பாருங்கள்.