ஏரிக்குள் இறங்கும் உப்பு

வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த பகுதிகளில் சாலையில் உறையும் பனியை உருக்குதற்கு ஆண்டுதோறும் பெருமளவு உப்புத் தூவுகின்றனர். அதனாற் பயணம் காக்கப்படுகிறது. ஆனால் உப்பு மறைந்து விடுவதில்லை. பனி நீரோடு வடிந்து ஏரியைச் சேர்கிறது. அங்கு அது விளைக்கும் தீங்கை உறுப்பினர்கள் அறிதல் நலமெனக் கருதி விளக்க முற்படுகிறோம்.

நன்னீர் 4 டிகிரி செல்சியஸில் மிகுந்த அடர்த்தி பெறும். குளிர்நாட்டு ஏரிகள் பலவற்றில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நீர் முழுவதும் அவ்வெப்பத்தை ஒட்டி நிற்கும்பொழுது, காற்றின் விசையால் மேல்நீரும் அடிநீரும் கலக்கின்றன. அடிநீர் உயிர்வளி பெறுவது இக்கலப்பினால்தான். உப்பு நீரோ கனமானது. அடியில் தங்கிக் கலப்பைத் தடுக்கிறது. நியூயார்க் மாநிலத்து இராண்டெக்வாய்ட் விரிகுடாவில் 1970 வசந்தத்தில் கலப்பு முற்றுப்பெறாமற் போயிற்று.

டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு பாசியைத் தின்று, மீன்குஞ்சுகளுக்குத் தான் இரையாகிறது. உப்பு மிகுந்தால் அது மடியும், பாசி பெருகும். அமெரிக்காவில் நெடுங்காலப் பாதுகாப்புக்கென வகுத்த குளோரைடு வரம்பு லிட்டருக்கு 230 மில்லிகிராம். ஒரு கிலோ உப்பு சுமார் 2,600 லிட்டர் தூய நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவரும். 2022-இல் வெளியான ஆராய்ச்சியோ, நான்கு நாடுகளில் ஆய்ந்த இடங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்றில், அரசுகள் வகுத்த வரம்பிலோ அதற்குக் கீழோ இத்தகைய மிதவையுயிர்கள் பாதிக்குமேல் குறைவதைக் காட்டியது.

வெப்ப உயர்வும் இதே திசையில் இழுக்கிறது. 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் உயிர்வளி கரையும் நீர், 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராமே தாங்கும். வெப்பமுற்ற மேல்நீர் இலேசாகி நெடுநாள் மிதப்பதால் அடிநீர் மூச்சின்றித் தவிக்கும். சிஸ்கோ போன்ற குளிர்நீர் மீன்களுக்கு மேலே வெப்பம், கீழே உயிர்வளியின்மை, ஒதுங்க இடமில்லை.

பரிகாரம் உண்டு. இராண்டெக்வாய்டில் 1970களின் நடுவிற் சாலையுப்பைக் குறைத்தபின் கலப்புச் சீர்பெற்றது. முதலிற் பனியை வாரி அகற்றுதல், உப்பை நனைத்து அளந்து தூவுதல் ஆகியவை கைகண்ட முறைகள். நீரிற் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு. ஆகவே முன்னரே தடுப்பதே சிக்கனம்.

பருத்திக்குச் சாயமேற்ற உப்பிடும் நமக்கும் இப்பாடம் பொருந்தும். சாயக்கழிவின் உப்பு நொய்யலில் இறங்கி உழவரின் பாசனத்தைக் கெடுத்ததையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதையும் நாம் மறத்தலாகாது. நெசவும் உழவும் ஒரே நீரை நம்பியவை. உப்பை அளந்து இடுவோம். கழிவை ஓடையில் விடாதிருப்போம்.