நன்னீர் ஆமைகளும் மேட்டுநிலக் கமக்காரரும்

கந்தப்பளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா முதலியன சரிவு நிலங்களிற் பயிரிடப்படுகின்றன. அந்நிலங்களில் பெய்யும் மழைநீர் கான்கள் வழியே ஓடைகளை அடைந்து, முடிவில் மகாவலி கங்கையிற் சேர்கின்றது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, பல நெல்வயல்களுக்கு நீரூட்டிய பின்னர், திருகோணமலைக்கு அருகே கடலிற் கலக்கின்றது. ஆகவே மேட்டிலே தெளிக்கப்படும் மருந்து மேட்டோடு நின்றுவிடுவதில்லை.

தாழ்நிலத்துக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இருவகை நன்னீர் ஆமைகள் வாழ்கின்றன. ஒன்று கடினமான கருநிற ஓடுடையது. மற்றையது மெல்லிய தோல் போர்த்த ஓடுடைய பாலாமை. பாலாமை இலங்கைக்கே உரியது. அது நத்தை, புழு, செத்த மீன் ஆகியவற்றை உண்டு நீரைத் துப்புரவாக வைத்திருக்க உதவுகின்றது. கோடையிற் சேற்றினுட் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். ஆமை முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் செல்லும். முட்டைகளிலும் குஞ்சுகளிலும் பெரும்பகுதி பிற பிராணிகளுக்கு இரையாகிவிடும். எனவே முதிர்ந்த ஆமையொன்று மடியின், அவ்விழப்பை ஈடுசெய்தல் எளிதன்று.

ஊரார் முன்வந்தால் அருகிவரும் இனத்தையும் காக்கலாம் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துச் சந்திரகிரி ஆறு சான்றாகும். அங்கே காண்டரின் பெருமெல்லோட்டு ஆமை என்னும் அரிய இனம் வாழ்கின்றது. ஒரு மீற்றர் வரை வளரும் இவ்வாமை பெரும்பாலும் மணலிற் புதைந்தே கிடப்பதால், அதனைக் காண்பது அரிது. ஆய்வாளர் ஆற்றங்கரை மக்களை அணுகி, அவர்கள் கண்டவற்றைக் கேட்டறிந்தனர். ஆமை தென்பட்டால் அறிவிப்பதற்கும் ஊரார் உடன்பட்டனர். அதன் பயனாக முட்டையிடும் பெண்ணாமை பதிவுசெய்யப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கிய கூடுகளிலிருந்து முட்டைகள் மீட்கப்பட்டு, பொரித்த குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன. இச்செய்தி 2024ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நம் கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை வருமாறு:

1. பீடைநாசினியைச் சிபார்சு செய்யப்பட்ட அளவிற்கு மேற் கலத்தலாகாது. மழை வருங் குறி தோன்றும்போது தெளித்தலாகாது.

2. தெளிகருவியையும் மருந்துப் போத்தல்களையும் ஓடையிற் கழுவலாகாது. வெற்றுப் போத்தல்களை நீரில் எறியலாகாது.

3. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, ஓடைக்கரையில் புல் வளரவிடுக. மேல்மண்ணும் பசளையும் தோட்டத்திலேயே தங்கும்.

4. நெற்செய்கையாளர் உழும்போதோ வாய்க்கால் துப்புரவு செய்யும்போதோ ஆமை அகப்பட்டால், அண்மையிலுள்ள நீர்நிலையில் விடுக. முட்டைகள் காணப்படின் அவற்றைத் திருப்பாமலும் இடம் மாற்றாமலும் மண்ணால் மூடி, குச்சி நட்டு அடையாளமிடுக.

5. இறைச்சிக்காக ஆமை பிடித்தலாகாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நன்னீர் ஆமைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது.

ஓடைநீரை ஆமை மட்டும் நம்பியிருக்கவில்லை. கீழேயுள்ள குடும்பங்கள் அதையே குடிக்கவும் சமைக்கவும் எடுக்கின்றன. ஆமைக்கு ஆகாத நீர் மனிதருக்கும் ஆகாது. ஆதலால் மேட்டிலுள்ளோர் ஓடையைக் காப்பின், தாழ்நிலத்து ஆமையோடு அயலாரின் குடிநீரும் காக்கப்படும்.