உங்கள் குட்டையின் கரை எந்த வகையைச் சேர்ந்தது?

காஞ்சிபுரம் வட்டார உழவர்கள் ஏரியையும் தாங்கலையும் நன்கறிந்தவர்கள். உத்திரமேரூரில் ‘ஏரி வாரியம்’ இயங்கி வந்ததைக் கி.பி. 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஊர் ஏரிக்கு வாரியம் இருந்தது. சொந்த நிலத்தில் மண் கரை போட்டு நீங்கள் தேக்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சில அணைகளுக்கும் உரியது. உங்கள் 10 அடிக் கரை அதில் வராது. ஆகவே, அதன் வகையை நீங்களே கண்டறிதல் வேண்டும்.

வகை பிரிக்கும் முறை

கரையின் வலிமையைக் கொண்டு வகை பிரிப்பதில்லை. கரை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதே அளவுகோல்.

1. குறைந்த ஆபத்து: கீழே உங்கள் நிலமும் தரிசும் மட்டுமே உள்ளன.

2. நடுத்தர ஆபத்து: பிறர் பயிர், கிணறு, பம்புசெட்டு, சாலை ஆகியவை சேதமாகும்.

3. அதிக ஆபத்து: ஓர் உயிராவது போகக்கூடும்.

ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாக 2 மீட்டர் ஆழம் நீர் நின்றால், அதன் எடை சுமார் 8,000 டன். கீழே நெசவாளர் வீடுகள் இருப்பின், முழங்கால் அளவு வெள்ளமே குழித்தறியின் பள்ளத்தை நிரப்பிப் பட்டுப் பாவைப் பாழாக்கிவிடும். இரவில் உடைந்தாலோ உறங்குவோர் தப்புவது அரிது. கென்யா நாட்டின் சோலாய் என்னுமிடத்தில், தனியார் பண்ணையின் மண் அணை 2018 மே 9 இரவு உடைந்து, 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கரை போட்டபோது காலியாக இருந்த மனையில் இன்று வீடு எழுந்திருக்கலாம். கரையில் மாற்றமில்லை, வகை மாறிவிட்டது.

செய்ய வேண்டியவை

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், கரையிலிருந்து தண்ணீர் ஓடும் வழியே நடந்து பார்த்து வகையை முடிவு செய்யுங்கள்.

மண் கரைமேல் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து உடையும். ஆகவே கலங்கலைத் தூர்வாரி வையுங்கள். கூடுதல் நீருக்காகக் கலங்கலில் மணல் மூட்டை அடுக்காதீர்கள்.

எலி, நண்டு வளைகளைத் தோண்டி, களிமண் இட்டுக் கெட்டியுங்கள். கரையில் மரம் வளர விடாதீர்கள்.

கசிவு நீர் கலங்கலாக வந்தால் கரையின் உட்புறம் அரிக்கிறது என்று பொருள். உடனே மதகைத் திறந்து நீரைக் குறையுங்கள். கீழே குடியிருப்போரை எச்சரித்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

அதிக ஆபத்து வகையாயின், வேளாண்மைப் பொறியியல் துறைப் பொறியாளரிடம் கரையைக் காட்டி, அவர் யோசனைப்படி பலப்படுத்துங்கள். அதுவரை முழு அளவு நீர் தேக்க வேண்டாம்.

ஊர் ஏரிக்கு வாரியம் இருந்தது போல, உங்கள் குட்டைக்கு நீங்களே வாரியம் என்பதை மறவாதீர்கள்.