பறித்து நட்ட நாற்று: எஸ்தர் ஹாட்சிக் நூலில் 'ஊர்'

முன்னுரை

ஊர் என்பது பிறந்த மண்ணா, வாழ்ந்த மண்ணா? புலம்பெயர்வு எழுத்துகளைப் பயிலும் மாணவர் முன் முதலில் வந்து நிற்கும் வினா இது. யூத எழுத்தாளர் எஸ்தர் ஹாட்சிக் 1968-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'முடிவில்லாப் புல்வெளி' என்னும் தன்வரலாற்று நூலைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகிறேன்.

பின்னணி

எஸ்தர் 1930-இல் வில்னா நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அன்று போலந்தில் இருந்த அந்நகர், இன்று லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸ். 1940-இல் அங்குச் சோவியத் ஆட்சி வந்தது. 1941 ஜூனில் 'முதலாளிகள்' எனக் குற்றஞ்சாட்டப்பட்டு அக்குடும்பம் கைதானது. கால்நடைகளை ஏற்றும் ரயில் பெட்டியில், பத்து வயது எஸ்தர் பெற்றோருடனும் பாட்டியுடனும் சைபீரியாவின் ருப்சோவ்ஸ்க் என்னும் சிற்றூருக்குக் கொண்டு செல்லப்பட்டார். தாத்தா வழியிலேயே பிரிக்கப்பட்டார். ஆகவே, எஸ்தரைக் குடியேறியவர் என்பதைவிடப் பறித்து நடப்பட்டவர் என்பதே பொருந்தும்.

வேர்விட்ட வழிகள்

அவர் அம்மண்ணில் வேர்விட்டதற்கு மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

முதலாவது, உழைப்பு. தொடக்கத்தில் ஜிப்சம் சுரங்கத்தில் பெரியவர்கள் வேலை செய்ய, சிறுவர்கள் உருளைக்கிழங்கு வயலில் களையெடுத்தனர். அதே ஆண்டு போலந்துக் குடிமக்களுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தபின், குடும்பம் ஊருக்குள் வந்தது. எஸ்தர் பிறருக்குக் கம்பளி ஆடை பின்னிக் கொடுத்து உணவுப் பொருள் பெற்றார். இரந்து நிற்பவராக அல்லாமல் கொடுத்து வாங்குபவராக அவரை ஊர் அறிந்தது.

இரண்டாவது, மொழி. பள்ளியிலும் நூலகத்திலும் ரஷ்ய மொழி அவர் வசமாயிற்று. விதித்தவர்களின் மொழியாக வந்தது, தோழியரின் மொழியாகவும் புஷ்கினின் மொழியாகவும் மாறியது.

மூன்றாவது, பகிரப்பட்ட வறுமை. ஒப்புவித்தல் போட்டிக்குக் காலணியின்றிச் சென்றவர் மேடையேற அனுமதிக்கப்படவில்லை. ஓடிச்சென்று காலணியோடு திரும்பியபோது களைப்பில் வெற்றி கைநழுவியது. நெஞ்சை உறுத்தும் நிகழ்ச்சிதான். எனினும், அவர் அங்கே அழுதது அயலாராக அன்று; வகுப்பின் பெயரைக் காக்கத் தவறிய மாணவியாக. ஊரின் தோல்வியைத் தன் தோல்வியாக எண்ணுபவர் அவ்வூர்க்காரரே அல்லவா?

ஒரே குடிசையில் இரண்டு ஊர்

போர் முடிந்து 1946-இல் திரும்பும் வாய்ப்பு வந்தபோது பெற்றோர் மகிழ்ந்தனர். எஸ்தரோ அவ்வூரை விட்டுப் பிரிய மனமின்றித் தவித்தார். பெற்றோருக்கு ருப்சோவ்ஸ்க் காத்திருந்த இடம். மகளுக்கு வளர்ந்த இடம்.

இங்கு ஒரு கசப்பான உண்மையும் உண்டு. அக்குடும்பம் அகற்றப்பட்ட சில நாள்களில், 1941 ஜூன் 24 அன்று, ஜெர்மானியப் படை வில்னாவைக் கைப்பற்றியது. அந்நகர யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர்; பல்லாயிரவர் பொனாரிக் காட்டில் சுடப்பட்டவர்கள். தண்டனையே இக்குடும்பத்தின் உயிரைக் காத்தது எனலாம்.

இதனால் தண்டனை நன்மையாயிற்று எனக் கொள்வதை நான் ஏற்கவில்லை. பிரிக்கப்பட்ட தாத்தா முகாமிலேயே மாண்டார். உயிர் தப்பியது தற்செயல். ஊரானது தற்செயல் அன்று. அது ஒரு சிறுமியும் அண்டை வீட்டாரும் ஆசிரியர்களும் நாளும் உழைத்து ஆக்கியது. நாடுகடத்திய அரசுக்கு அதில் பங்கில்லை.

முடிவுரை

ஊர் பிறப்பால் மட்டும் அமைவதன்று. உழைப்பாலும் மொழியாலும் பகிர்ந்த துன்பத்தாலும் அமையக்கூடியது என்பதை இந்நூல் காட்டுகிறது. புலம்பெயர்வு எழுத்துகளைப் படிக்கும்போது பெரியவர்களின் ஏக்கத்தை மட்டுமே தேடாமல், அதே வீட்டில் வளரும் பிள்ளை எதைத் தன் ஊராகக் கொள்கிறது என்றும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வினாவுக்கு வேறொரு விடை கிடைக்கக்கூடும்.